பச்சைமுத்துவின் பறிக்கூடை

பசியாவரத்தில் இருக்கும் அக்கா பவுனம்மாளுக்கு, நாகப்பட்டணம் ஒல்லாந்தர் கிடங்கிலிருந்து தம்பி பச்சைமுத்து கும்பிட்டு எழுதுவது. உன் முழங்கால் வலி தணிந்ததா? நான் யானை மாதிரி இருக்கிறேன்.

இங்கே கூட வேலை செய்கிறவர்கள் விளையாட்டுக்காரர்கள். நம் ஊர் ஏரிச் சேற்றில் இரண்டு கையையும் விட்டு இறால் பிடிக்கையில் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொள்வோம் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து தினமும் சோற்று வேளையில் அவர்களில் தருமன் என்பவன் என் பறியை நீட்டி, "கவ்வுடா, எறாலு!" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள்.

நேற்று அவனுடைய வெள்ளி அரைஞாண் துறைச் சேற்றில் விழுந்துவிட்டது. பறியைக் கவ்விக்கொண்டு இறங்கி, ஒரே முக்கில் எடுத்தேன். கப்பல் தலைவனே தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான் என்று உன் மகள் கஸ்தூரியிடம் சொல்.

"இன்னாப்பா, உன்னுதுதானே? இந்தா" என்றேன். தருமன் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டான்.

இன்று வேறொருவன் பறியை நீட்டினான். தருமன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கூத்தில் யாரோ மிதித்துப் பறி நொறுங்கிவிட்டது.

கடிதம் கொண்டுவரும் தோணிக்காரர் கத்துகிறார், முடிக்கிறேன். உன் கையால் ஒரு பறி முடைந்து அனுப்பு அக்கா. அது பல்லில் இருக்கும்வரை யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். நம் வீட்டு ஓலை வாசமும் அடிக்கும்.