தொழுகைக்குப் பிந்திய அரிசி

அடுப்படியில் என் மகள் சேமியாவை நெய்யில் வறுக்கிறாள். நோன்பு வாயோடு அந்த வாசனையைத் தாங்குவது சாமானியமான காரியம் இல்லை. இன்று இருபத்தொன்பதாவது நோன்பு. சாயங்காலம் பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள். தெரியாவிட்டால் நாளைக்கும் நோன்பு. வானமோ மூடிக்கொண்டு கிடக்கிறது, திருத்தணி மலையின் உச்சியே தெரியவில்லை. இதில் பிறை எங்கே தெரியப் போகிறது? வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. "ஏம்மா, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திகினே கீற? செத்த உக்காரேன்" என்கிறாள் மகள். உட்கார முடியவில்லை. அதனால்தான் தோழி, உனக்கு எழுதுகிறேன். நீ மண்ணுக்குள் போய் மூன்று வருஷம் ஆனது தெரிந்தும் எழுதுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த ரம்ஜானிலும் இதே மேகம்தான். ஆண்கள் குளக்கரையில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிறை இல்லை, நாளைக்கும் நோன்பு என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். நீ அப்போது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாய். சுற்றிலும் உழவர் வீடுகள், நடுவில் உன்னுடையது ஒன்றுதான் நம்மவர் வீடு. புருஷன் போன பிறகு ரவிக்கையும் சட்டையும் கையால் தைத்து, உன் மகளோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தாய். அன்று இருட்டிய பிறகு என் வாசலில் நின்று கேட்டாய்:

"பிறை தெரிஞ்சுதாடி?"

"தெரியலயாம்."

"நல்லதாப் போச்சு. உம் புள்ள சட்டைக்கு இன்னும் காஜா எடுக்கல. நாளைக்கு மதியம் கொண்டாந்து குடுக்கறேன்."

மறுநாள் விடியுமுன் சஹர் சாப்பிட்டு எல்லோரும் நோன்பு வைத்தோம். காலையில் அரக்கோணத்திலிருந்து வந்த முதல் வண்டியில் இறங்கிய ஒருவர் நேரே பள்ளிவாசலுக்கு ஓடினார். மதராஸில் பிறை பார்த்தாகிவிட்டதாம், காஜியார் அறிவித்துவிட்டாராம், நோன்பை விடுங்கள், இன்றுதான் பெருநாள்! தெருவில் ஒருவருக்கும் தலைகால் புரியவில்லை. குளிக்கிறவர்கள், குல்லா தேடுகிறவர்கள், வறுத்த சேமியாவைப் பாலில் கொட்டி அரைவேக்காட்டில் இறக்குகிறவர்கள். நானும்தான் இறக்கினேன்.

பித்ரா அரிசியை முந்தின நாளே மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன். பெருநாள் தொழுகைக்கு முன்பே இல்லாதவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய அரிசி அது. தொழுகை முடிந்து கொடுத்தால் வெறும் தருமம், பித்ரா ஆகாது. இது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் ஈரத் தலையோடு கேட்டார், "கேட்டாண்ட ஒரு மூட்டை போவணுமே, ஓடிப்போய் குடுத்துட்டு வரட்டுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவ என்ன அசலா? மதியம் அவளே வரப்போறா. பாயசத்தோட எங்கையால குடுத்துக்கறேன். நீங்க தொழுகைக்குப் போங்க."

மற்ற மூட்டைகள் எல்லாம் போயின. உன்னுடையது மட்டும் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தோழிதானே என்ற உரிமை என்று அப்போது நினைத்தேன். அது அலட்சியம். வேறு பெயர் அதற்கு இல்லை.

மதியம் நீ வந்தாய். கையில் துணியில் சுற்றிய சட்டை, வெயிலில் காய்ந்த உதடு. "நோன்பு நாள்ல புள்ளைங்க எதுக்குடி அத்தர் பூசிகினு திரியுதுங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தவள், என் வாயைப் பார்த்தாய். வெற்றிலை போட்டுச் சிவந்திருந்தது.

"இன்னிக்கா?" என்றாய்.

"ஆங், காலையிலருந்தே பெருநாள்தான். உனக்குத் தெரியாதா?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். "பெருநாள் அன்னிக்கு நோன்பு வெச்சவளாயிட்டேனே. கூடாதும்பாங்களே."

"தெரியாம வெச்சதுக்குப் பாவம் இல்லடி."

"எனக்கு இல்ல. தெரிஞ்சவங்களுக்கு?"

சண்டை போடுகிற குரலில் நீ கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாய். நான் பாயசக் கிண்ணத்தை உன் கையில் வைத்தேன். பிஸ்மி சொல்லி இரண்டு வாய் குடித்தவள், "அங்க எம் பொண்ணும் நோன்பு" என்று கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாய். மூட்டையை நீட்டினேன். வேண்டாம் என்று தூக்கி எறிந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நீ வாங்கிக்கொண்டாய், வீட்டில் அரிசி இல்லை. வாசற்படியில் நின்று, "அரிசி கெடக்குது வுடுடி. காலையில இத்தத் தூக்கிகினு ஒரு ஆள் வந்திருந்தா, பெருநாள்னு எங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாய்.

பித்ரா நோன்பின் குறைகளைக் கழுவும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வருஷா வருஷம் பயானில் சொல்லுவார். நானும் வருஷா வருஷம் தலையாட்டியிருக்கிறேன். தொழுகைக்கு முன்னால் என்று ஏன் கெடு வைத்தார்கள் என்று உன் வாயால் கேட்ட பிறகுதான் உறைத்தது. அரிசி ஒரு சாக்கு. யாராவது ஒருவர் உன் கதவுவரை நடந்து வர வேண்டும். ஒரு மாசம் பசித்துப் பார்த்தவர்கள், இன்னும் யார் பசியோடு இருக்கிறார்கள் என்று முதலில் தேடிப் போக வேண்டும். அத்தரும் புதுத்துணியும் அப்புறம்தான். தொழுகைகூட அப்புறம்தான். நாங்கள் தொழுதுவிட்டு வந்தோம், பிரியாணி தின்றோம், கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார்கள்.

அதன் பிறகும் நீ எப்போதும் போல வந்தாய், போனாய், தைத்துக் கொடுத்தாய். என்னைப் பொறுத்துக்கொள் என்ற ஒரு சொல்லை நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். மார்கழிக் குளிரில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டு போய்விட்டது. உன் மகளை அவள் மாமா வேலூருக்கு அழைத்துப் போய்விட்டார். மேகத்தின் மேல் பழி போட்டுப் பார்த்தேன், ரயிலின் மேல் போட்டுப் பார்த்தேன், பாவம், என் வீட்டுக்காரர் மேல்கூடப் போட்டேன். எதுவும் நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி என்னிடமே வருகிறது.

உன் வீட்டில் இப்போது அம்மையார்குப்பத்துத் தறிக்காரக் குடும்பம் இருக்கிறது. நீ போன பிறகு வந்த முதல் பெருநாளில், விடிந்ததும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மூட்டைகளோடு கிளம்பினேன். எல்லா வீட்டுக்கும் நானே போனேன். கடைசியில் கால் உன் கதவில் போய் நின்றது. தட்டிவிட்டேன். ஒரு பெண் திறந்தாள்.

"யாருங்க வேணும்?"

"இன்னிக்கு எங்களுக்குப் பெருநாளுங்க."

"அப்படிங்களா. அத்த எங்களாண்ட எதுக்குங்க சொல்றீங்க?"

"இந்த வூட்ல ஒருத்திக்குச் சொல்லாம வுட்டுட்டேங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அவங்க இப்போ இங்க இல்லீங்களே" என்றாள் மெதுவாக.

"ஆங், தெரியுங்க" என்றேன்.

ஒவ்வொரு வருஷமும் அந்தக் கதவில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். நாளைக்கோ அதற்கு மறுநாளோ இந்த வருஷமும் போவேன். தொழுகைக்கு முன்னாலேயே போய்விடுவேன்.