நெத்து தின்ற வயிறு

18-7-2003, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. கஞ்சியில் மண், காதில் மண், இந்த டைரியிலும் மண். வைப்பாறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே கூடாரம். ஊரில் புல் கருகியதும் ஆட்டைப் பத்திக்கொண்டு கரைக்கு வருவது வருசா வருசம் உள்ளதுதான். வந்தால் உடைமரத்திலிருந்து உதிரும் காய்ந்த நெத்து இருக்கும், உமரிச் செடி இருக்கும். இந்தத் தடவை உடைமரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். திரும்பின பக்கமெல்லாம் வேலிக்கருவை.

செம்மறிகள் அதன் நெத்தைத்தான் தின்கின்றன. என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

"வயிறு நிறையுதுல்லா, பெறவு என்னட்டி?"

வயிறு நிறைந்தால் போதும் இந்த மனுசனுக்கு. ஆட்டு வயிறானாலும் சரி, தன் வயிறானாலும் சரி.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், வெல்லம், வேப்பெண்ணெய், கட்டுக்கயிறு. உப்பு வேண்டாம், காற்றே கொண்டுவருகிறது.

20-7, ஞாயிறு

வெயில். குடிக்கத் தண்ணீர் இல்லை. குடத்தோடு செலின் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போகிறவர். எப்போது வந்தாலும் அவர்கள் கிணற்றில்தான் எங்களுக்குத் தண்ணீர். கிணறு உப்பாகிவிட்டதாம். அவர்களே லாரித் தண்ணீருக்கு நிற்கிறார்கள். அப்படியும் ஒரு குடம் ஊற்றினாள். வாங்க வெட்கமாக இருந்தது. வாங்கினேன்.

தண்ணீருக்குள் மொட்டையாக நிற்கும் மரங்களைக் காட்டினாள். "கடலு முன்ன அதுக்கு அங்கன கெடந்துச்சு பேச்சி. உப்புத்தண்ணி உள்ள ஏற ஏற உடையெல்லாம் பட்டுப்போச்சு. இந்தச் சனியன் மட்டும் உப்பையும் குடிச்சிட்டு நிக்குது."

சனியன் என்றது கருவையை. அதன் நெத்தைத் தின்கிற ஆடுகளை மேய்ப்பவள் நான். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.

2-8, சனி

செம்மறிகளோடு நிற்கும் நாலு வெள்ளாட்டில் சுட்டி மெல்ல மாட்டேன் என்கிறது. தாடை ஒரு பக்கம் கோணிக்கிடக்கிறது. அசை போட்டது வாயிலிருந்து விழுகிறது. கருவை நெத்தையே தின்றால் வெள்ளாட்டுக்கு இப்படி வரும் என்று இவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு எதைப் போட? கஞ்சித்தண்ணியை மூங்கில் குழாயில் ஊற்றிப் பார்த்தேன். பாதி உள்ளே, பாதி என் சேலையில்.

4-8, திங்கள்

சுட்டி செத்தது. மணலில் புதைத்தோம். நாய் தோண்டாமல் இருக்க மேலே கருவை முள்ளையே வெட்டிப் போட்டார். நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

24-8, ஞாயிறு

பசுவந்தனைக்குக் கிழக்கே, அண்ணன் ஊர். வடகிழக்கில் மேகம். நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தோம்.

அண்ணனுக்கு இரண்டு துண்டு கரிசல். ஓடைப்பக்கம் ஒன்று, மேற்கே ஒன்று. விதைப்புக்கு முன்னால் எங்கள் ஆட்டுக்கிடை அவன் நிலத்தில்தான். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மண்ணில் பருத்தி எப்படி வரும் என்று ஊருக்கே தெரியும். கூலியாக ஒரு மூடை கம்பு. எங்களுக்கு வருசச் சாப்பாடு அதில்தான்.

கரையிலிருந்து வந்த ஆட்டை உடனே நிலத்தில் அடைக்க மாட்டோம். கண்மாய்க்குள் நிறுத்தி, கருவை விதையெல்லாம் அங்கேயே விழட்டும் என்று வயிறு கழிய விடுவோம். அதற்குப் பிறகுதான் கிடை. அண்ணன் கேட்கவில்லை.

"மேகத்தப் பாத்தீங்களா மாப்ளே? நாளைக்கே மழை விழுந்துட்டா நான் எப்பம் உழ, எப்பம் விதைக்க?"

"வயித்துல பூரா நெத்து மச்சான். ரெண்டு நாள் பொறுங்க."

"முளைச்சா முளைக்கட்டும், புடுங்கிக்கிடலாம். போன வருசம் மாதிரி மழையத் தவற விட்டேம்னா நான் ஊர விட்டுத்தான் போகணும்."

ஓடைப்பக்கத்து நிலத்தில் பட்டி போட்டாயிற்று.

31-8, ஞாயிறு

மேகம் கலைந்துவிட்டது. ஒரு சொட்டு இல்லை. அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

21-9, ஞாயிறு

மழை! விடியற்காலையில் பிடித்து மத்தியானம் வரை கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டது. ஒரு மாதத்து மழை ஒரே மூச்சில். ஓடை உடைப்பெடுத்தது. அண்ணன் நனைந்துகொண்டே நிலத்தைச் சுற்றி வந்தான். மதினி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! எனக்கும் மனசு குளிர்ந்தது.

ஆட்டுக்கு ஈரக் காலில் புழு. வேப்பெண்ணெய் தீர்ந்தது.

18-10, சனி

அதற்குப் பிறகு மழையே இல்லை. பருத்தியும் உளுந்தும் முளைத்திருக்கின்றன. கருவையும் முளைத்திருக்கிறது. பட்டி இருந்த இடத்தை அப்படியே கோடு கிழித்துக் காட்டுகிற மாதிரி. கிடை போடாத மேற்கு நிலத்தில் ஒரு கருவைகூட இல்லை.

மதினியோடு நானும் குனிந்து பிடுங்கினேன். ஈரமாக இருந்தால் வந்துவிடும். கரிசல் காய்ந்து இறுகின பிறகு தண்டுதான் கையோடு வருகிறது, வேர் உள்ளேயே நின்றுவிடுகிறது. ஒடித்த இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும். கை முழுக்க முள். வலது கட்டை விரல் வீங்கிவிட்டது, எழுத முடியவில்லை.

23-11, ஞாயிறு

வெயில். கார்த்திகையில் இப்படி ஒரு வெயில். நிலம் பிளந்து கிடக்கிறது, என் கை உள்ளே போகிறது. பருத்தி முழங்காலைத் தாண்டாமல் கருகிவிட்டது. உளுந்தைச் சொல்லவே வேண்டாம். கருவை மட்டும் பச்சைப் பசேலென்று.

மதினி சொன்னாள்: "நாங்க விதைச்சது போச்சு. ஒங்க ஆடு விதைச்சதுதான் நிக்குது."

"அவசரப்பட்டது ஒங்க வீட்டுக்காரருலா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்துப் பக்கம் போனான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கம்பு கிடையாது. கேட்கவும் இல்லை.

16-1-2004, வெள்ளி

மாட்டுப் பொங்கல். பனி. அண்ணன் வீட்டுத் தொழுவில் மாடு இல்லை, விற்றாகிவிட்டது. ஆட்டுக்குப் பொட்டு வைத்தேன்.

கரிமூட்டம் போடுகிற ஒருவர் வந்து ஓடைப்பக்கத்து நிலத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கருவையை இப்படியே விட்டால் மூன்று வருசத்தில் வெட்டிக் கரியாக்கலாமாம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். அண்ணன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

26-4, திங்கள்

மறுபடி கரை. புழுக்கம். கடல் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. செலின் அக்கா வீட்டுக் கிணற்றைக் கல் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அண்ணன் பஸ் ஏறி வந்தான். என்னமோ ஏதோ என்று பதறிவிட்டேன். கருப்பட்டியும் சேவும் வாங்கி வந்திருந்தான். தின்று முடித்துத்தான் பேச்சை எடுத்தான்.

"மாப்ளே, மேக்க உள்ள நிலத்துல கிடை போடணும்."

"போட்டுருவோம் மச்சான். இந்தத் தடவை நல்லா வயிறு கழிய விட்டு..."

"கழிக்காண்டாம். நெத்து தின்ன வயித்தோட அப்படியே கொண்டாங்க. வெதைய நானே தூவிப் பாத்தேன், சரியா முளைக்கல. ஆட்டு வயித்துல போயி வந்தாத்தான் முளைக்குது."

கேலி பேசுகிறான் என்று நினைத்தேன். இல்லை.

"எண்ணே, அது நல்ல நிலம்லா? அதுலயுமா?" என்றேன்.

"நல்ல நிலத்த வச்சி நான் என்னட்டி செய்ய?"

இவர் என்னைப் பார்த்தார். நான் மாட்டேன் என்று தலையசைத்தேன். சரி என்று சொல்லிவிட்டார். ராத்திரி இவருக்குச் சோறு போடவில்லை, தானே போட்டுத் தின்றார்.

3-5, திங்கள்

மேகமே இல்லை. மேற்கு நிலம். நேற்று சாயங்காலம் பட்டி போட்டோம். வரும் வழியெல்லாம் நெத்துதான் தீனி.

விடிந்ததும் அண்ணன் வந்தான். குனிந்து ஒரு புழுக்கையை எடுத்து நசுக்கினான். உள்ளே விதை. உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினான்.

"எண்ணே, இன்னும் ஒரு மழை பாத்துட்டுச் செஞ்சிருக்கலாம்."

"போதும்ட்டி. வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து வானத்தயே பாத்துப் பாத்துக் கழுத்து கோணிப்போச்சு. இனி நான் அங்கன பாக்காண்டாம்லா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். நிம்மதியான சிரிப்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்னும் ஐந்து நாள் கிடை இங்கேதான்.