புது டிவியில பேச்சு கேக்கல

அரவேணு,
சனிக்கிழமை மத்தியானம்.

கர்த்தருக்குள் பிரியமான மகள் லிஜிக்கு,

அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளை பிரைட்டனும் அந்த ஊர்க் குளிர்ல சளி காய்ச்சல் எதுவும் அண்டாம இருக்கணும்னு விடியக்காலம் எந்திரிச்சதும் ஆண்டவர்கிட்ட கேக்கறேன். இங்க நானும் உங்கப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, அவர் தயவுல இருக்கறோம். போன்லதான் பேசிக்கறமே, இப்ப எதுக்கு அம்மா கடுதாசி எழுதறான்னு நீ யோசிப்ப. போன்ல பேச முடியாததை வேற எப்படிச் சொல்றது கண்ணு. நீ கூப்பிட்டா உங்கப்பா ஸ்பீக்கரப் போட்டு வாய்க்கு நேரா புடிச்சுக்கறாரு, நான் ஒரு வார்த்தை சொன்னா என்ன சொன்ன, என்ன சொன்னங்கறாரு, நீ அங்க இருந்து என்னம்மான்னு கேக்கற, நான் ஒண்ணுமில்ல சாமின்னு முடிச்சுக்கறேன். அந்த ஒண்ணுமில்லைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். உங்கப்பா டிவி பாத்துட்டு இருக்காரு. யாருக்கு எழுதறன்னு கேட்டாரு, லிஜிக்குன்னேன், சரின்னுட்டாரு.

படியில வழுக்கி இடுப்பெலும்பு முறிஞ்சதுல இருந்து உங்கப்பா ரோட்டுக்கு ஏறினதில்லைன்னு உனக்குத் தெரியும். நம்ம ஊடு ரோட்டுக்குக் கீழ பள்ளத்துல இருக்குது, வாக்கரை வச்சுகிட்டு அந்தப் படியெல்லாம் எப்படி ஏறுவாரு. காலம் பூரா தேயிலை ஃபேக்டரியில மெஷின் பக்கத்துல நின்ன காது வேற. நடக்க முடிஞ்ச வரைக்கும் அந்தக் காது பெருசாத் தெரியல, டீக்கடையில நாலு பேரு பேசறதை வாயைப் பாத்தே புரிஞ்சுக்குவாரு. ஊட்டுக்குள்ள முடங்கின பொறவுதான் அது எவ்வளவு போயிருக்குதுன்னு எனக்கே தெரிஞ்சுது. நான் சமையல்கட்டுல பாத்திரம் உருட்டினா அவருக்குக் கேக்காது, அதனால நான் இருக்கறேனா இல்லையான்னு கண்ணால பாத்தாத்தான் நம்புவாரு. தண்ணி புடிக்க வெளிய போயிட்டு கொஞ்சம் நேரம் கழிச்சு வந்தா மூஞ்சியெல்லாம் வேர்த்து உக்காந்திருப்பாரு. திட்ட மாட்டாரு, எங்க போனன்னு மட்டும் கேப்பாரு. திட்டினாக்கூட நாலு வார்த்தை திருப்பிச் சொல்லலாம்.

அப்பல்லாம் பழைய டிவி ஒண்ணுதான் எனக்குத் துணை. அது ஓடினா அவரு கண்ணு அதுமேல இருக்கும், நான் பின்னாடி போயி செடிக்குத் தண்ணி ஊத்திட்டு, வேலி ஓரம் நின்னு ரோட்டைப் பாத்துட்டு வருவேன். ஐப்பசி மழையில இடி விழுந்துச்சே, அன்னைக்கு டப்புன்னு ஒரு சத்தம், படம் ஒரு கோடாச் சுருங்கி அணைஞ்சு போச்சு. கோத்தகிரியில கடை வச்சிருக்கற தீபக் வந்து பாத்துட்டு, ஏனுங்கம்மா இதுக்கு இனி சாமானே கெடைக்காதுங்க, புதுசுதான் வாங்கோணுமின்னுட்டாரு. நீ புதுசு அனுப்பறேன்னு சொல்லி, மழையில ரோடு அடைச்சு, அது வந்து சேர்ற வரைக்கும் ஊட்டுல டிவி இல்லை. அந்த நாளெல்லாம் உங்கப்பா என்ன செஞ்சாரு தெரியுமா. நாற்காலியைத் திருப்பிப் போட்டுகிட்டாரு. சமையல்கட்டு வாசலைப் பாத்தாப்புல. நான் காய் நறுக்கறது, அடுப்பு மூட்டறது, குனிஞ்சு பெருக்கறது, எல்லாத்தையும் பாத்துகிட்டே இருந்தாரு. கதவைச் சாத்தினா ஏன் சாத்தினங்கறாரு. அவருக்கு நான்தான் டிவின்னு ஆகிப்போச்சு லிஜி. நம்ம புருசன் நம்மளைப் பாக்கறதுக்கு என்ன சங்கடம்னு நீ சிரிப்ப. ஒரு நாள் பூரா ஒருத்தர் கண்ணு முதுகுலயே இருந்தா மூச்சு விடறதுக்கே யோசனையா இருக்கும்.

பொறவு நீ அனுப்பின புது டிவி வந்துச்சு. வண்டிக்காரங்க ரோட்டுலயே இறக்கி வச்சுட்டாங்க, பக்கத்து ஊட்டு வாசுகியோட ஊட்டுக்காரருதான் தலையில வச்சு இறக்கிக் குடுத்தாரு. பாக்க அவ்வளவு அழகு, சொவத்துல மாட்டினா படம் மாட்டின மாதிரி இருந்துச்சு. நீ அன்னைக்குப் போன்ல, இனி உங்களுக்கு நல்லாப் பொழுது போகும்மான்னு சந்தோசமாச் சொன்ன. உன் மனசு நோகக்கூடாதுன்னு நானும் ஆமான்னேன். படம் நல்லா இருந்துச்சு, பேச்சுத்தான் கேக்கல. பழைய பெட்டியில சத்தம் மூஞ்சிக்கு நேரா வரும். இதுல குழாய்க்குள்ள இருந்து பேசற மாதிரி வந்துச்சு, பாட்டு கேக்குது, மழை பெய்யறது கேக்குது, மனுசன் என்ன பேசறான்னு எனக்கே பாதிதான் புரிஞ்சுது. உங்கப்பாவுக்குச் சுத்தம். என்ன சொல்றான், என்ன சொல்றான்னு என்னைக் கேக்க ஆரம்பிச்சாரு. பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வச்சுகிட்டாரு. செய்தி வாசிக்கறவங்க சொல்றதை நான் அவரு காதுக்கிட்ட கத்திச் சொல்லணும், அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவங்க அடுத்ததுக்குப் போயிருவாங்க, சீரியல்ல அழுகறவ ஏன் அழுகறான்னும் நான்தான் சொல்லணும். சாயங்காலமானா தொண்டை கட்டிப் போகும். அப்ப நீ கூப்பிட்டு ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்குதுன்னு கேட்டியே, அது சளி இல்லை சாமி.

நான் மாட்டேன்னு எந்திரிச்சா சத்தத்தை ஏத்திருவாரு. நமக்கும் வாசுகி ஊட்டுக்கும் நடுவுல இருக்கறது ஒத்தைச் செங்கல் சொவரு. அந்தப் பக்கம் அவ பொண்ணு சுவாதி பன்னெண்டாவது பரீட்சைக்குப் படிக்கறா. வாசுகி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் கதவைத் தட்டினா. கோவமா வரலை, அக்கா, அண்ணனைக் கொஞ்சம் சத்தம் கொறைக்கச் சொல்லுங்கக்கா, புள்ளை காதுல பஞ்சு வச்சுகிட்டுப் படிக்கறான்னு சொல்லும்போதே அழுதுட்டா. அவருகிட்ட சொன்னா, நான் கேக்கற ஒண்ணையும் புடுங்கறீங்களான்னு கேட்டாரு. இந்தப் பக்கம் அவரு, அந்தப் பக்கம் அவங்க, நடுவுல ரிமோட்டைப் புடிச்சுகிட்டு நான். காது கேக்கற மெஷின் வாங்கி வச்சுக்கலாம்னு நானும் பாஸ்டர் அய்யாவும் சொல்லிப் பாத்தோம். செவிடன்னு எழுதி ஒட்டிக்கச் சொல்றீங்களான்னு ரெண்டு நாளு என்கூடப் பேசலை.

மாப்பிள்ளை சொன்னாருன்னு நீ அனுப்பின அந்த நீட்டுப் பெட்டி, சவுண்ட் பார், அதையும் தீபக் வந்து மாட்டினாரு. மொதல்ல போட்டதும் செய்திக்கு முன்னாடி வர்ற மேளத்துல அலமாரியில இருந்த டம்ளரெல்லாம் ஆடுச்சு. தீபக் டிவியைச் சொவத்துல இருந்து எறக்கி மேசையில வச்சாரு, இதுக்கு ஸ்பீக்கர் அடியில இருக்குதுங்கம்மா, சொவத்துல மோதித்தான் நமக்கு வருதுன்னாரு. பெட்டியை அவரு காது உயரத்துக்கு ஸ்டூல்ல தூக்கி வச்சு, செட்டிங்ல போயி மேளச் சத்தத்தைக் கொறைச்சு, பேச்சுக்குன்னு தனியா இருக்கறதைக் கூட்டி வச்சாரு. எனக்கு மணி மாதிரி கேட்டுச்சு. பழைய டிவியை விட நல்லாவே இருந்துச்சு. உங்கப்பாவைப் பாத்தோம். தலையை ஆட்டினாரு, ஆனா என் வாயைத்தான் பாத்துகிட்டு இருந்தாரு. அப்பத்தான் எனக்கு மனசு விட்டுப் போச்சு. கோளாறு டிவியில இல்லை, இனி எத்தனை பெட்டி வந்தாலும் என் ஸ்டூல் அங்கதான்னு தோணுச்சு.

தீபக் கெளம்பறப்ப பையில இருந்து காது ரெண்டையும் மூடற ஹெட்போன் ஒண்ணை எடுத்து, இதையும் ஒரு தடவை வச்சுப் பாருங்க அய்யா, ஒயரெல்லாம் இல்லைங்கன்னாரு. உங்கப்பா மொதல்ல வேண்டாம்னு கையைத் தட்டி விட்டாரு. பொறவு என்ன நெனச்சாரோ வாங்கிப் பாத்து, இதே மாதிரி ஒண்ணு ஃபேக்டரியில ஆபீசருங்க ரவுண்டு வரும்போது காதுக்கு மாட்டிகிட்டு வருவாங்க தபித்தா, எங்களுக்குக் குடுக்கலைன்னாரு. அப்படிச் சொல்லிகிட்டே மாட்டினாரு. அவரு மொகம் மாறினதை உனக்கு எப்படி எழுதறதுன்னு தெரியல. வாய் தொறந்தபடி உக்காந்துட்டாரு. டிவியில எவனோ விவசாயத்தைப் பத்திப் பேசிகிட்டு இருந்தான். கேரட்டுக்கு மருந்து அடிக்கறதைச் சொல்றான்னு எங்களுக்குச் சத்தமாச் சொன்னாரு. அத்தனை நாளா நான் அவருக்குச் சொன்னேன், அன்னைக்கு அவரு எனக்குச் சொன்னாரு.

ஊடு அமைதியாயிருச்சு. வாசுகி வந்து, அண்ணனுக்கு ஒடம்பு ஏதாச்சும் சரியில்லையான்னு விசாரிச்சுட்டுப் போனா. அந்த அமைதியில ஒரு நாள் சோறு ஆக்கி வச்சுட்டு அவரைக் கூப்பிட்டேன், திரும்பலை. பக்கத்துல போனேன், தெரியல. அவரு கண்ணு டிவியில, காதும் டிவியில. நான் வாசல்ல போயி நின்னேன். பொறவு கேட்டுக்கு வெளிய. அப்படியே படி ஏறிட்டேன் லிஜி. ரோட்டுல மேட்டுப்பாளையம் பஸ் வந்து நின்னுச்சு, ஏறி உக்காந்துட்டேன். ஊட்டுச் சேலை, மேல ஸ்வெட்டர், கையில சின்னப் பர்ஸ். உங்க ரேச்சல் சித்தி ஊட்டுக்கு மேட்டுப்பாளையம் போயிரலாம்னுதான் மனசு சொல்லுச்சு. கண்டக்டர் எங்க இறங்கோணும்னு கேட்டப்ப வாயில வந்தது குஞ்சப்பனை. பாதி வழியில அங்க எறங்கி ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்தேன். கீழ போகப் போக வெய்யில் இருந்துச்சு, ஸ்வெட்டரைக் கழட்டி மடியில வச்சுகிட்டேன். வேற ஒருத்தர் போட்ட டீயை உக்காந்து குடிச்சேன். யாரும் என்னைப் பாக்கல. திரும்பி வர்ற பஸ்தான் மொதல்ல வந்துச்சு. கீழ போற பஸ் மொதல்ல வந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு கேட்டா எனக்குச் சத்தியமாத் தெரியாது. உங்கிட்டப் பொய் எழுத மனசு வரலை.

படி எறங்கும்போதே வாசுகி கீழ நிக்கறது தெரிஞ்சுது. நான் போன கொஞ்ச நேரத்துல கரண்ட் போயிருக்குது. டிவி அணைஞ்சதும் உங்கப்பா என்னைக் கூப்பிட்டிருக்காரு. ஹெட்போனைக் கழட்டணும்னு தோணலை, அதை மாட்டினபடியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாக்கரைப் புடிச்சு வாசல் வரைக்கும் வந்து, நெலப்படியில உக்காந்தவரு எந்திரிக்க முடியல. சத்தம் கேட்டு வாசுகி ஓடி வந்து அண்ணா அண்ணான்னு கத்தியும் அவருக்குக் கேக்கல. அவதான் ஹெட்போனைக் கழட்டி, அக்கா கடைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி உக்கார வச்சிருக்கா. நானும் அவளுமாத் தூக்கி நாற்காலியில விட்டோம். அடி எதுவும் படலை, நீ பயப்படாத. வாசுகி போன பொறவு அவரு என் கையைப் புடிச்சுகிட்டு, நீ உள்ள இருந்து பதில் சொல்லிட்டேதான் இருக்கற, எனக்குத்தான் கேக்கலைன்னு நெனச்சுட்டேன் தபித்தான்னாரு. கடைக்குப் போகலீங்க, குஞ்சப்பனை வரைக்கும் பஸ்ல போனேன்னு சொன்னேன். ஏன்னு கேக்கல. அங்க வெய்யிலான்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன்.

மறுநாள் காலையில கஞ்சி குடிச்சுட்டு அவராவே ஆரம்பிச்சாரு. இனி போறதா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டுப் போ, நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், எனக்கு அப்படித்தான் சொல்ல வரும், நீ போன்னாரு. அதே மாதிரி போன வியாழக்கிழமை மத்தியானம் சர்ச்சுல பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போறேன்னு சொன்னேன். வேண்டாம்னாரு. நான் போனேன். ஜெபத்துல கண்ணை மூடினா அவரு நெலப்படியில உக்காந்திருக்கறதுதான் வருது, பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். படி ஏறினாலும் பாதி நானு ஊட்டுலதான் இருக்கறேன் கண்ணு, அது அவ்வளவு லேசுல விடாதாட்டம் இருக்குது.

இதையெல்லாம் படிச்சுட்டு நீ அவரைப் போன்ல எதுவும் கேக்காத, நீ செஞ்சது சரியான்னு என்னையும் கேக்காத. லீவு போட்டு ஓடி வரவும் வேண்டாம், உன் வேலையைப் பாரு. குளிர்ல தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட டூட்டிக்குப் போகாத. மாப்பிள்ளை அனுப்பின சவுண்ட் பார் நல்லாத்தான் இருக்குது, ஞாயித்துக்கிழமை பாட்டு நான் அதுலதான் கேக்கறேன், அவருகிட்ட சொல்லு. எனக்கு உங்கிட்ட ஒரே ஒரு காரியம் ஆகணும். அந்த ஹெட்போன்லயே போனும் கேக்குமாம், தீபக் அதைச் சேத்து விட்டுட்டுப் போயிருக்காரு. உன் குரல் நேரா அவரு காதுக்குள்ள போகும், நடுவுல நின்னு நான் கத்திச் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு வியாழக்கிழமை லீவுதானே, நம்ம ஊரு மத்தியானம் மூணு மணிக்கு அப்பாவைக் கூப்பிடு. என்னத்தையாவது பேசு, ஆஸ்பத்திரிக் கதை பேசு, அங்க பெய்யற மழையைப் பத்திப் பேசு, அவரு பழைய ஃபேக்டரிக் கதையை ஆரம்பிச்சா நிறுத்தாத.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உங்க ரெண்டு பேரையும் தம்முடைய செட்டைகளுக்குள்ள வச்சுக்கட்டும். வாசுகியும் சுவாதியும் உன்னை விசாரிச்சாங்க. வியாழக்கிழமையை மறந்துறாத. அம்மா எங்கன்னு அவருகிட்ட கேக்காத, அந்த நேரம் நான் ஊட்டுல இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தபித்தாள் கொர்னேலியஸ்