மதிலுக்குக் குறுக்கே படுத்தவனுக்கு

கல் கருகும் வாசனை காலையிலிருந்து தெருவெல்லாம் அடிக்கிறது. உனக்குத் தெரியும் அந்த வாசனை. உளித் தலையில் சம்மட்டி விழும்போது பொறி பறந்து, பின்னாலேயே மூக்கில் ஏறுமே, வெடித்த பட்டாசு மாதிரி. இப்போது சம்மட்டி இல்லை, மிஷின் போட்டு அறுக்கிறார்கள். வாசனை மட்டும் மாறவில்லை. வாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "வந்துட்டான்" என்று சொல்லிவிட்டேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய உன் மகள் அற்புதம், "யாரு பெரிப்பா வந்துட்டான்?" என்றாள். நான் என்னத்தைச் சொல்வது? நீ போய் எத்தனையோ ஆடி கழிந்துவிட்டது.

வாசனை உங்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்து வருகிறது. அதைச் சுற்றிக் கருங்கல் மதில் போடுகிறார்கள். அதைப் பற்றி உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் நான் சொல்லச் சொல்ல அற்புதம் எழுதுகிறாள். என் பேச்சை அங்கங்கே புத்தகப் பேச்சாகத் திருத்துகிறாள். திருத்தட்டும்.

ஒரகடம் ரோட்டில் நிறுத்த இடம் கிடைக்காத கன்டெய்னர் லாரிகள் எல்லாம் தோட்டத்து ஓரமாக ஒதுங்குகின்றன. டிரைவர்கள் அங்கேயே அடுப்பு மூட்டுகிறார்கள், சிலுவைமேல் துணி காயப்போடுகிறார்கள். அவர்களும்தான் எங்கே போவார்கள்? ஒருநாள் ஒரு லாரி பின்பக்கமாக வந்து சிலுவைகளைச் சாய்த்துவிட்டது. சபையில் கூடிப் பேசி, மதில் எழுப்புவதென்று முடிவாயிற்று. சர்வேயர் வந்து அளந்தபோதுதான் முட்புதருக்குள் பழைய எல்லைக்கல் அகப்பட்டது. அந்தக் கல்லிலிருந்து இந்தக் கல்லுக்கு மேஸ்திரி நூல் கட்டினார். நூல் நேராக வந்து உன் வயிற்றுக்கு மேலே போகிறது. உன் தலை தோட்டத்துக்குள். கால் ரோட்டுப் பக்கம்.

தோண்டி எடுத்து உள்ளே தள்ளி வைத்துவிடலாம் என்றார் பாஸ்டர். அற்புதத்துக்கு மனசு வரவில்லை. "தூங்கற ஆள எழுப்பி, கொஞ்சம் நவுந்து படுன்னு சொல்றதா?" என்றாள். நூலை உள்பக்கம் வளைத்தால் நீ லாரிக்காரர்களோடு வெளியே கிடக்க வேண்டும். வெளிப்பக்கம் வளைக்கலாம் என்றால் அது ரோட்டு நிலம், விடமாட்டார்கள். திங்கட்கிழமை அந்த மூலைக்கு வேலை வந்துவிடும். "அதுக்குள்ள ஒண்ணு சொல்லு பெரிப்பா. அப்பா இன்னா நெனச்சிருக்கும்னு ஒனக்குத்தான தெரியும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சங்கடமே அங்கேதான் இருக்கிறது. நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ என்ன நினைத்தாய் என்பதுதான் பிடிபடவில்லை. மதிலைப் பற்றி ஒருதரம் சொன்னதை நீ மறுதரம் சொன்னதே இல்லை.

குன்றத்தூர்ப் பக்கத்துக் குவாரியில் நாம் கல் உடைத்துக்கொண்டிருந்த காலம். நாம் கல் ஏற்றிப்போன லாரி செஞ்சிக்குப் பக்கத்தில் அச்சு முறிந்து நின்றது. சாமான் வாங்கிவர டிரைவர் திண்டிவனத்துக்குப் போய்விட்டான். "வா வாத்தியாரே, சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு கோட்டையப் பாத்துட்டு வந்துர்லாம்" என்றாய். எழுத்துத் தெரியாத என்னை வாத்தியாரே என்று கூப்பிட்டவன் நீ ஒருவன்தான். என் ஞாபகத்துக்குக் கொடுத்த பட்டமா, கிண்டலா, அதுவும் இன்றுவரை தெரியாது.

மலையிலிருந்து மலைக்கு மதில் ஓடுகிறது. எனக்குத் தலை சுற்றியது. "மனுசன் கட்டினதா இருக்காதுபா. எதனா பூதம் கட்டிருக்கும்" என்றேன். நீ மதிலில் வரிசையாக இருந்த ஓட்டைகளைக் காட்டினாய், சாரக் கம்பு சொருகிய ஓட்டைகள். "பூதத்துக்கு இன்னாத்துக்குபா சாரம்?" என்று கேட்டுவிட்டு நீயே சிரித்தாய். அப்புறம் ஒரு கல்லின் ஓரத்தில் பாதிப் பாதியாக நின்ற குழிகளைத் தடவி, ஒன்றில் விரலை விட்டாய். குவாரியில் நாமும் அப்படித்தானே செய்தோம்? கோடு போட்டு, வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் தட்டிவிட்டுக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்போம். கல் தானாக முனகிப் பிளக்கும். "நம்மாளு வேலதான் வாத்தியாரே" என்றாய், சொந்தக்காரனைச் சந்தையில் பார்த்துவிட்டவன் மாதிரி.

"சரி, இவ்ளோ பெரிய கல்ல மேல எப்படி ஏத்தினான்?"

"மண்ணு கொட்டிருப்பான். செவுரு ஒசர ஒசர மண்மேடும் ஒசரும். கல்ல மேட்டு மேல உருட்டிக்கினே போவ வேண்டியதுதான். முடிஞ்சப்பால மண்ண வாரிடுவான்."

"அவ்ளோ மண்ணையுமா?"

"நம்மள மாதிரி ஆளுக்கா பஞ்சம்?"

கொஞ்ச தூரம் போனதும் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. அதை அவர்கள் உடைக்கவில்லை. மதில் அதன்வரைக்கும் வந்து நிற்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி கிளம்புகிறது. நடுவில் பாறையே மதில். நீ அதைத் தட்டிக்கொடுத்தாய். "இருந்தவன இருக்கவுட்டுக் கட்டிக்கீறான் பாரு." அடிவாரத்தில் மழைத்தண்ணீர் போக வழி விட்டிருந்தார்கள். ஓடைக்கு இரண்டு பக்கமும் கல் நிறுத்தி, ஒரு நீளக் கல்லைப் பாலமாகப் போட்டு, அதற்கு மேல்தான் மதில். குனிந்து உள்ளே பார்த்தோம். அத்தனை மதில் தலைக்குமேல் நிற்க, தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு மதில்மேல் ஏறினோம். அகலம் பார்க்கிறேன் என்று நீ குறுக்கே மல்லாந்து படுத்தாய். தலை உள்பக்கம், கால் வெளிப்பக்கம். நீட்டிப் படுத்தும் இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. என்னையும் பக்கத்தில் படுக்க வைத்தாய். நீயும் நானும் ஒரே உயரம், ஒரே தோள், ஒருவன் சட்டையை ஒருவன் போட்டுக்கொண்டவர்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "இவ்ளோ அகலமும் பயம் வாத்தியாரே. எதிரி மேல எவ்ளோ பயமோ அவ்ளோ கல்லு."

நான் அதை மனசில் முடிந்துகொண்டேன். இறங்கி வரும்போது பேச்சை மாற்றிவிட்டாய். "பஞ்சத்துல ஜனம் ஊரவுட்டு ஓடிருக்கும். சோறு போட்டு வேல குடுத்து நிறுத்தி வெச்சிருப்பான் ராஜா. அதுக்குத்தான் மதிலு."

"இப்பதான பயம்ன?"

"அது மேல. இது கீழ."

அப்புறம் குவாரியை மூடிவிட்டார்கள், கம்பெனிகள் வந்தன. ஒரு கம்பெனி மதிலுக்கு அஸ்திவாரத்திலிருந்து நாம்தான் கல் வைத்தோம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு, சுவர் நேர் பார்க்கும் உன் தூக்குக்குண்டை உள்ளேயே விட்டுவிட்டது தெரிந்தது. மறுநாள் போனால் கேட்டில் செக்யூரிட்டி.

"பாஸ் கீதா?"

"இந்த மதிலக் கட்டினதே நாங்கதான்பா."

"நல்லாத்தான் கட்டிக்கீறீங்க. அதான் கேட்டு வழியா வர வேண்டியதாப் போச்சு. பாஸ் காட்டுங்க."

நீ இருமல் வரும்வரை சிரித்தாய். திரும்பி என்னிடம், "கட்டினவன வெளிய நிறுத்தறதுக்குத்தான் மதிலு. செஞ்சிலயும் இதான் நடந்திருக்கும்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், ஆனால் கண் சிரிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. வெயிலாகவும் இருக்கலாம். கடைசியில் அந்த செக்யூரிட்டியே உள்ளே போய்த் தேடிக் குண்டைக் கொண்டுவந்து கொடுத்தான், கூடவே குடிக்கத் தண்ணீரும். அப்படியென்றால் அந்த மதில் நம்மை வெளியே நிறுத்தியதா, நிறுத்தவில்லையா? நான் கேட்டபோது நீ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய்.

நீ படுத்திருக்கும் இடத்தைப் பார்த்து வைத்ததும் நீதான். உன் மச்சானுக்குக் குழி வெட்டப் போனோம். தோட்டம் முழுக்க அடியில் பாறை. ஒரு வழியாக வெட்டி முடித்துத் திரும்பும்போது நீ கடப்பாரையால் தரையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டே ஓரம்வரை போனாய். அங்கே கடப்பாரை சொத்தென்று இறங்கியது. "அடப்பாவி, இங்க கீதே மெத்தை! மச்சானுக்கு வெட்டியாச்சு, போவட்டும். என்ன இங்க போடுங்கடா, ஒங்க இடுப்புக்கு நல்லது" என்றாய். உன் முறை வந்தபோது உன் வார்த்தைப்படியே செய்தோம். கடப்பாரை இறங்குகிறதா என்று பார்த்தோமே தவிர, எல்லைக்கல் எங்கே என்று ஒருவரும் பார்க்கவில்லை. கல்லுடைக்கிறவர்கள் கூடிக் குழி வெட்டினால் இப்படித்தான், மண்ணின் சத்தம்தான் காதில் விழும்.

நெஞ்சில் கல்தூள் அடைத்து நீ கட்டிலில் கிடந்தபோது நான் விடாமல் கேட்டேன். "முடிவா ஒண்ணு சொல்லு. எதுக்குத்தான் அவ்ளோ பெருசாக் கட்டினானுங்க?"

நீ மூச்சுப் பிடித்துச் சொன்னாய். "எனக்கு இன்னா தெரியும்? நான் செஞ்சிக்கு ஒருதபா போனவன். நீ கேட்டுக்கினே இருந்த, நான் சொல்லிக்கினே இருந்தேன்."

இத்தனை வருஷம் நான் வேதவாக்கு மாதிரிக் கட்டிக்காத்த பேச்சுக்கு நீ வைத்த மரியாதை அவ்வளவுதான். அப்போது கோபம் வந்தது. இப்போது அதுவும் இல்லை. ஒன்று புரிந்தால்தானே கோபப்பட?

நேற்று அற்புதத்தோடு போய் மேஸ்திரியைப் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. "நூல மாத்த முடியாது பெரியவரே. ஒருத்தருக்கு வளைச்சா எல்லாரும் வளைக்கச் சொல்லுவாவ" என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, செஞ்சி அடிவாரத்து ஓடையைச் சொன்னேன். இரண்டு பக்கமும் கல், மேலே நீளக் கல், அதற்கு மேல் மதில்.

"கல்லறைக்கு மேல பாலமா போடச் சொல்லுதீய?" என்று கேட்டுவிட்டு உன்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "கோயில் குளம் எல்லாம் கட்டியிருக்கேன், இப்படி ஒண்ணு கட்டுனதில்ல. நீளக் கல்லு கெடக்கு. போடலாம்."

அற்புதம்தான் பதறினாள். "அப்பா மேல செவுரு ஏத்தறதா? கனம் தாங்குமா அது?"

"அவர் மேல படாதும்மா. பக்கத்துக் கல்லு தாங்கிக்கும்."

"பெரிப்பா, ஒனக்கு நல்லாத் தெரியுமா?"

"செஞ்சில பாத்தேம்மா. நானும் ஒங்கப்பாவும் குனிஞ்சு பாத்தோம்."

"அதுக்குள்ள தண்ணி போச்சு. இதுக்குள்ள எங்கப்பா கீது."

நீ இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய், மறுநாள் வேறு சொல்லியிருப்பாய்.

மேஸ்திரிக்கு இன்னொரு கவலை. மேட்டு மண் கரைந்து பரவிவிட்டது, சிலுவையும் சாய்ந்து கிடக்கிறது. "ஆளு எதுலேர்ந்து எதுவரைக்கும் இருக்காருன்னு தெரியாம அஸ்திவாரம் தோண்டுனா பெட்டியில இடிச்சிரும்" என்றார். பெட்டியை இறக்கியபோது உன் தலைமாட்டுக் கயிறு என் கையில் இருந்தது. எந்த இடத்தில் நின்றேன் என்று என் காலுக்குத் தெரியும். அந்த இடத்துக்குப் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உன்மேல் மல்லாந்து படுத்துவிட்டேன்.

"ஐய, எழுந்திரு பெரிப்பா! பாக்க நல்லாவா கீது?" என்று அற்புதம் கத்தினாள். ரோட்டோரத்தில் பருப்பு கிளறிக்கொண்டிருந்த லாரி டிரைவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான். "அசையாம இரும்" என்று சொல்லி மேஸ்திரி என் தோளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பெட்டிக்காகக் கொஞ்சம் தள்ளி, முளை அடித்தார். நூல் என் வயிற்றுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

தலை உள்ளே, கால் வெளியே. செஞ்சியில் பார்த்த மாதிரியே வானம். நீ சொன்னதில் ஒன்றாவது இப்போது நிஜமாகத் தெரியும் என்று காத்திருந்தேன். பயமா என்று பார்த்தேன், பயம் இல்லை. சோறா என்றால், டிரைவரின் பருப்பு வாசனை வந்ததே ஒழிய வேறொன்றும் இல்லை. யாரை வெளியே நிறுத்த இந்த மதில் என்று யோசித்தால், என் காலே வெளியேதான் கிடந்தது. கழுத்தில் புல் குத்தியது. அவ்வளவுதான் தெரிந்தது.

அற்புதம் கத்துவதை நிறுத்திவிட்டாள். என்னையும் நூலையும் மாறி மாறிப் பார்த்தாள். "செரி மேஸ்திரி, அப்படியே போடுங்க. யாரும் எழுப்ப வேணாம்" என்றாள். பிறகு கை கொடுத்து என்னைத் தூக்கி உட்கார வைத்து, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். தட்டிய கையை உடனே துடைத்துக்கொள்ளவில்லை.

இதுதான் நீ கேட்டிருக்கக்கூடியதா? தெரியாது. பாஸ்டர் அரைமனதாகத் தலையாட்டியிருக்கிறார்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்த நீளக் கல்லில் உன் பெயர் வெட்ட வேண்டுமாம், மிஷின் வேண்டாம், பெரிப்பாதான் வெட்ட வேண்டும் என்கிறாள் உன் மகள். அவள் சாக்பீசால் எழுதித் தந்தால் கோட்டின்மேலேயே என் உளி போகும். படிக்கத் தெரியாமலே எத்தனை பேர் பெயரை அப்படி வெட்டியிருக்கிறேன். "எந்தப் பக்கம் பெரிப்பா எழுதட்டும்?" என்று கேட்கிறாள். உள்பக்கம் வெட்டினால் பூப்போட வருகிறவர்கள் பார்ப்பார்கள். ரோட்டுப் பக்கம் கிடப்பது வெறும் மதில் என்று நினைத்து உன் கால்மேல் அடுப்பு மூட்டுவார்கள். வெளிப்பக்கம் வெட்டினால், தமிழ் தெரியாத லாரிக்காரர்கள்தான் என்னைப் போல் எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இருந்தாலும் யாரோ ஒருவன் இங்கே இருக்கிறான் என்றாவது தெரியும். இரண்டு பக்கமும் வெட்டு என்று நீ சொல்லுவாய், கீழே இறங்கியதும் ஒரு பக்கமும் வேண்டாம் என்பாய்.

உளியைத் தீட்டி மடியில் வைத்திருக்கிறேன். அற்புதம் எழுதிக்கொண்டே என் முகத்தைப் பார்க்கிறாள். தெருவில் மறுபடி கல் கருகும் வாசனை. நூலுக்கு எந்தப் பக்கம் போய் உட்காருவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.