நெஞ்சு படபடத்தால் உட்காருவேன்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், அப்பா. இன்று காலை கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மூட்டைகளைக் கடக்கும்போது அந்த நெடியில் நெஞ்சு படபடத்தது. ஒரு கிடங்கின் படியில் உட்கார்ந்து, உங்களைப் போலவே உள்ளங்கையை மார்பில் வைத்துக்கொண்டேன்.

மூட்டை சுமந்த காலம் முழுவதும் உங்கள் வழக்கம் அதுதான். "உள்ள இருக்கவன் இறக்கச் சொல்றான்டா" என்று மூட்டையை இறக்குவீர்கள். "ராஜா உக்காந்தாச்சு, சாயா கொண்டு வாங்க" என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். படபடப்பு அடங்கும்வரை நீங்கள் எழுந்ததில்லை.

வயதான பிறகும் வழியில் அப்படி உட்கார்ந்ததால்தான் அண்ணன் உங்களை மருத்துவமனையின் முதியோர் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனான். நானும் வந்தேன். அங்கே ஒரு தாளை வைத்துக் கேள்வி கேட்டார்கள்; தன் உடம்பின் படபடப்பைக் கண்டே ஒருவர் எவ்வளவு பயப்படுகிறார் என்று அளக்கும் கேள்விகள் அவை. கேட்ட பெண் நல்லவள்தான்.

"நெஞ்சு வேகமா அடிச்சா பயம் உண்டா, அப்பா? இல்லையா, கொஞ்சமா, ரொம்பவா?"

"பயப்பட என்ன இருக்கு, மோளே? உக்காந்திருவேன்."

"அதுக்கு இதுல இடமில்லையே." சிரித்தாள். "எப்பவும் உக்காருவீங்களா?"

"எப்பவும்."

'ரொம்ப' என்று குறித்துக்கொண்டாள்.

முடிவில், உங்கள் நோயே பயம்தான் என்றார்கள். உட்காராமல் நடந்து பழகச் சொன்னார்கள். இதயத்தையும் பார்க்கலாமே என்றேன். "அதான் அளந்தாச்சுல்ல, பிறகென்ன?" என்றான் அண்ணன்.

தினமும் வீட்டிலிருந்து சுள்ளிக்கல் வரை உங்களை நடத்திக் கூட்டிப் போனான். கடைசி நாள் நடந்ததைச் சாயாக்கடைச் சேட்டன்தான் எனக்குச் சொன்னார். கடை பெஞ்சின் அருகே நின்று மார்பில் கைவைத்து, "உக்காரட்டுமாடா?" என்று அண்ணனிடம் கேட்டீர்களாம். "அது வெறும் பயம்ப்பா, நடங்க." நடந்தீர்கள். அடுத்த கடை வாசலில் விழுந்தீர்கள்.

யாரிடமும் கேட்டு உட்கார்ந்தவரா நீங்கள்? உங்களைக் கேட்க வைத்துவிட்டார்களே. உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா, தெரியாது. உட்கார்ந்தபடியாவது போயிருப்பீர்கள். பயம் எவ்வளவு என்று அளந்தவர்கள், அதில் நியாயம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. அவர்களையும் அண்ணனையும் நான் மன்னிக்கப் போவதில்லை.

இன்று கிடங்குக் காவலாளி குனிந்து பார்த்தார். "என்ன சேட்டா, பயந்துட்டீங்களா?"

"இல்ல. உக்காந்திருக்கேன்."

அடங்கும்வரை எழவில்லை. இனியும் எழமாட்டேன்.

இந்த மடலை அந்த மருத்துவமனைக்கே தபாலில் அனுப்புகிறேன், கையெழுத்தில்லாமல். பெயர் போட்டால் கூப்பிட்டு உட்காரவைத்து, என் கோபத்தையும் அளந்துவிடுவார்கள்.