அப்பாவின் நம்பரை நிறுத்தாதே

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. சித்தி முழங்கால் வலியோடு மாடியேறி வந்து, தனியாக இருந்து என்ன சாதிக்கப்போறே என்று மூச்சுவிடாமல் என்னைத் திட்டிவிட்டுப் போனாள். அவள் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது, திட்டுவதற்காவது இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.

மெயில் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒற்றை விரலால் தட்டுகிறவள், நடுவில் எழுந்து போய்விட்டு வந்தால் அது தானாக மூடிக்கொண்டு நீ யார் என்று முதலிலிருந்து கேட்கிறது. பாஸ்வேர்டு போதாதாம், அப்பாவின் போனுக்கு வரும் எண்ணையும் போட வேண்டும். அவர் இருந்தபோது முதலில் படுக்கையறையிலிருந்தே அதைத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். ரகசிய எண்ணை யாராவது இப்படி ஏலம் போடுவாங்களாப்பா என்று நீதான் ஒருநாள் கடிந்துகொண்டாய். அன்றிலிருந்து மனிதர் எழுந்து வந்து, வீட்டில் வேறு ஈ காக்கா இல்லாதபோதும், என் காதோடு குனிந்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்வார். எனக்குச் சிரிப்பு தாங்காது, தப்பாக அடிப்பேன், மறுபடி புது எண் வர வேண்டும்.

நேற்று நீ சொன்னது நியாயம்தான். இந்தக் கணினியை நம்பு என்ற கட்டத்தில் டிக் போட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்காது, தப்பித்தவறிக் கேட்டாலும் எண் என் போனுக்கே வரும், அப்பாவின் நம்பரை இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்றாய். பாதுகாப்புக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் அலைச்சல் இல்லை அத்தை என்றார் மாப்பிள்ளை. ஆனால் நிறுத்தாதே குட்டிம்மா. அவர் காலமான பிறகு அந்த போனுக்கு யாரும் கூப்பிடுவதில்லை, மெயில் கேட்டால்தான் உள்ளே படுக்கையறையில் அது சத்தம் போடுகிறது. அதைக் கேட்டு நான் அந்த அறைக்குப் போய், விளக்கைப் போட்டு, அவர் படுக்கும் பக்கமாகக் கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டு வருகிறேன். வேறு எதற்காகவும் அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை, படுப்பதுகூடக் கூடத்தில்தான். இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூடிக்கொண்டது. இரண்டாவது தடவை எனக்கு ஒரு வேலையும் இல்லை, மூடட்டும் என்றுதான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருங்கள். அப்பாவின் நம்பருக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா