பவர் பட்டனில் உன் சந்தனம்

என் வம்புக்கார அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. உன் கம்ப்யூட்டர் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் தேவையா என்று சிரிப்பாய். சிரி.

அம்மாவுக்கு உன் குரலைக் கேட்க வேண்டுமாம். போனில் நீ அனுப்பியதையெல்லாம் இடம் போதவில்லை என்று அழித்துத் தொலைத்த மடையன் நான். நீ புது மைக் வாங்கிய அன்று பேசிப் பார்த்தாயே, அது மட்டும் இந்தப் பெட்டிக்குள் மிச்சம்.

பெட்டியோ விளக்கு எரிந்து, விசிறி சுற்றி, நாலைந்து நொடியில் அணைந்துவிடும். ஒயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், உன்னையும் திட்டினேன். டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனால் அங்கே ஏசியில் சமர்த்தாக ஓடியது. அப்போதே உன் குரலை எடுத்துக்கொள்ளத் தோன்றியதா எனக்கு? கருவடிக்குப்பத்தில் நம் வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான்.

கடைசியில் அந்தக் கடைப் பெண்ணே வீட்டுக்கு வந்து பார்த்தாள். போன ஆயுத பூஜைக்கு நீ பவர் பட்டன் மேலேயே சந்தனத்தை அப்பினாய் அல்லவா? கடல் காற்றில் அது ஊறி, பட்டன் அமுங்கியபடியே சிக்கிக்கொள்கிறதாம். “அமுக்கியே வச்சிருந்தா அதுவா ஆஃப் ஆயிடும்ணே. சந்தனத்த வழிச்சிட்டா போதும்” என்றாள்.

எனக்குக் கை வரவில்லை. அதன் ஓரத்தில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அந்தப் பெண் போன பிறகும் ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தேன்.

“ரேகைய வச்சிக்கினு என்னாடா பண்றது? அவ பேசணும்டா” என்றாள் அம்மா.

துடைத்தேன் அக்கா. மன்னித்துக்கொள். துணியில் கொஞ்சம் மஞ்சளாக ஒட்டியது, அவ்வளவுதான். பெட்டி ஓடியது, அணையவில்லை.

அந்தப் பதிவில் நீ பாடவில்லை, அம்மாவைக் கூப்பிடவில்லை. மைக்கைத் தட்டிவிட்டு, பக்கத்து அறையில் இருந்த என்னைத்தான் கேட்கிறாய்: “டேய் தம்பி, கேக்குதா?” அன்றைக்கு நான் போனில் மூழ்கி, பதிலே சொல்லவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கிறாய். அதோடு முடிந்துவிடுகிறது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்தப் பெட்டியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன், “கேக்குதுக்கா.”

இந்த ஆயுத பூஜைக்குப் பொட்டு பெட்டியின் தலையில்தான். பட்டனைத் தொடமாட்டேன். வைத்ததும் உன்னைப் பேசவிட்டு, நீ கேட்கும் இரண்டு தடவையும் பதில் சொல்வேன்.

கேட்டுக்கொண்டே இருக்கும்
உன் தம்பி